75 ஆளுக்குக் கீழே என்றால் லைசென்ஸ் வேண்டாமா?

கிள்ளானிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வீட்டு அடுப்படியில் முறுக்கும் மசாலாத் தூளும் செய்து விற்று வந்தவர். ஆர்டர் பெருகிவிட்டது, வீடு போதவில்லை. காப்பார் பக்கம் ஒரு பழைய கொட்டகை மலிவான வாடகைக்கு வருகிறதாம். 12 பேரை வைத்துச் சின்னத் தொழிற்சாலையாக நடத்தலாம் என்று நினைக்கிறார். "75 ஆளுக்குக் கீழே என்றால் அரசாங்க லைசென்ஸ் தேவையில்லை, கம்பெனி பதிவு இருந்தால் போதும்" என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்களாம். அது உண்மையா என்பதுதான் கேள்வி.

தங்கச்சி, கொட்டகைக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்களா? இன்னும் இல்லை என்றால் கொடுக்காதீர்கள். இதை முழுக்கப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். சிறு தொழில் செய்கிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதும் அலுவலகங்களுக்குக் கூடப் போவதும்தான் இருபது வருடத்துக்கு மேலாக என் வேலை. பணம் இழந்து வந்தவர்களில் பெரும்பாலோர் லைசென்ஸ் விஷயத்தில் ஏமாறவில்லை. இடத்தைத் தேர்ந்தெடுத்ததில்தான் ஏமாந்தார்கள்.

அந்த 75 கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1975-ல் மலேசியாவில் தொழில் ஒருங்கிணைப்புச் சட்டம் வந்தது. பொருள் உற்பத்தி செய்கிற நிறுவனம் கூட்டரசு அரசாங்கத்திடம் உற்பத்தி உரிமம் வாங்க வேண்டும் என்று அது சொன்னது. 1971-ல் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கையின் காலம் அது. கம்பெனியில் யாருக்கு எவ்வளவு பங்கு, யாருக்கு வேலை, தொழில் எந்த மாநிலத்தில் வளர வேண்டும் என்பதையெல்லாம் அரசாங்கம் வழிநடத்த நினைத்தது. அதற்கான கருவிதான் இந்த உரிமம். வேலை செய்கிறவனின் பாதுகாப்புக்கோ ஆற்றின் சுத்தத்துக்கோ அதில் பெரிய இடம் இல்லை. குடும்பமாக நடத்துகிற சிறு தொழில்களுக்கு இது பெரும் சுமை என்று அந்த நாளிலேயே, முக்கியமாகச் சீன வணிகர்களிடமிருந்து, பலத்த எதிர்ப்பு வந்தது. 1980-களின் நடுவில் பொருளாதாரம் படுத்தபோது அரசாங்கம் விலக்கு வரம்பை உயர்த்தியது.

இன்றைய வரம்பு இது: பங்குதாரர் நிதி 25 லட்சம் ரிங்கிட்டோ அதற்கு மேலோ இருந்தால், அல்லது முழுநேரச் சம்பள ஆட்கள் 75 பேரோ அதற்கு மேலோ இருந்தால், உரிமம் கட்டாயம். நடுவில் இருக்கிற அந்த 'அல்லது' என்ற சொல்லைப் பாருங்கள். ஆள் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. பங்குதாரர் நிதி என்றால் நீங்கள் போட்ட முதல் மட்டும் இல்லை. எடுக்காமல் தொழிலிலேயே விட்டு வைத்த லாபமும் அதில் சேரும். பத்து வருடம் ஒழுங்காக நடத்தி லாபத்தை உள்ளேயே வைத்தவர், 40 ஆட்களோடு இருந்தும், தனக்கே தெரியாமல் வரம்பைத் தாண்டியிருப்பார். உரிமம் இல்லாமல் நடத்தினால் 2,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ என்கிறது சட்டம். தொடர்ந்து நடத்துகிற ஒவ்வொரு நாளுக்கும் 1,000 ரிங்கிட் வரை மேலும் போடலாம்.

உங்களுக்கு 12 பேர்தான், முதலும் சின்னது. அதனால் இந்த உரிமம் உங்களுக்கு வேண்டியதில்லை. அந்த அளவில் உங்கள் நண்பர்கள் சொன்னது சரி. பிற்காலத்தில் வேறு துறைகள் கேட்டால் காட்டுவதற்கு, 'இவருக்கு உற்பத்தி உரிமத்திலிருந்து விலக்கு உண்டு' என்று மிடாவிடமிருந்து, அதாவது முதலீட்டு மேம்பாட்டு ஆணையத்திடமிருந்து, ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் அவர்கள் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. 'அரசாங்கம்' என்று நாம் ஒரே சொல்லில் சொல்கிறோம். தொழிற்சாலை வைக்கிறவர் முன்னால் நிற்பது மூன்று அரசாங்கம்: கூட்டரசு, மாநிலம், ஊராட்சி மன்றம். கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணை தொழில்துறையைக் கூட்டரசின் கையிலும், நிலத்தையும் ஊராட்சி மன்றங்களையும் மாநிலத்தின் கையிலும் கொடுத்திருக்கிறது. மிடா 'வேண்டாம்' என்று சொன்னால் அது கூட்டரசின் ஒரு சட்டத்துக்கு மட்டும்தான். நில அலுவலகத்துக்கும் ஊராட்சி மன்றத்துக்கும் உங்களிடம் 12 பேரா 1,200 பேரா என்பது முக்கியமே இல்லை. எஸ்எஸ்எம் பதிவு, அதாவது உங்கள் நண்பர்கள் சொன்ன கம்பெனி பதிவு, இன்னும் வேறு. உங்கள் தொழிலுக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதற்குத்தான் அது சாட்சி. ஓர் இடத்தில் அடுப்பு மூட்டி எண்ணெய் காய்ச்ச அது அனுமதி ஆகாது.

சரி, இப்போது நிலத்துக்கு வருவோம்.

தேசிய நிலச் சட்டத்தில் நிலத்துக்கு மூன்று வகை உண்டு: விவசாயம், கட்டடம், தொழில். உங்கள் கொட்டகை நிற்கிற மண் எந்த வகை என்பது பட்டாவில், நாம் 'கிராண்ட்' என்று சொல்கிற அந்தத் தாளில், எழுதியிருக்கும். காப்பார், மேரு, ஜெஞ்சாரோம், ரவாங் என்று சிலாங்கூரில் எங்கே போனாலும் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் துத்தநாகக் கூரை போட்ட கொட்டகைகளைப் பார்க்கலாம். அவற்றில் நிறைய விவசாய நிலத்தில் நிற்பவை. வாடகை மலிவாக இருப்பதற்குக் காரணமே அதுதான். விவசாய நிலத்தில் தொழிற்சாலை நடத்தினால் அது பட்டா நிபந்தனையை மீறுவது. 127-வது பிரிவின் கீழ் நிலத்தையே பறிமுதல் செய்கிற அளவுக்கு மாநிலத்துக்கு அதிகாரம் இருக்கிறது. பறிபோனால் சொந்தக்காரருக்குப் போவது நிலம். உள்ளே ஒட்டிய டைல்ஸ், பொரிக்கும் அடுப்பு, அரைக்கும் இயந்திரம், குளிர் அறை எல்லாம் போவது உங்களுக்கு.

எனக்குத் தெரிந்த ஒருவர் ஊறுகாய் செய்கிறவர். இப்படி ஒரு கொட்டகையை எடுத்து, மனைவியின் நகையை அடகு வைத்து, தரையெல்லாம் செப்பனிட்டு, தண்ணீர் வசதி செய்து, எட்டு மாதம் நன்றாகவே நடத்தினார். லைசென்ஸ் மனு போட்ட பிறகுதான் நிலம் விவசாய வகை என்று தெரிந்தது. நிலத்தின் பயன்பாட்டை மாற்ற மனு செய்யலாம், 124-வது பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மனுவை நிலச் சொந்தக்காரர்தான் போட வேண்டும். மாநிலத்துக்குப் பிரீமியம் கட்ட வேண்டும். உள்ளூர் திட்ட வரைபடத்திலும் அந்தப் பகுதி தொழில் பகுதியாக இருக்க வேண்டும். சொந்தக்காரர் முடியாது என்றுவிட்டார். ஊறுகாய்க்காரர் இயந்திரத்தை மட்டும் லாரியில் ஏற்றிக்கொண்டு வெளியேறினார். அவர் யாரையும் ஏமாற்றவில்லை. அவரிடம் நேரத்தில் ஒருவரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். இதைச் சொல்வது என் கடமை என்று நினைக்கிறேன்.

நிலம் சரியாக இருந்தால் அடுத்தது கட்டடம். 2007 ஏப்ரலிலிருந்து ஊராட்சி மன்றம் தருகிற தகுதிச் சான்றிதழுக்குப் பதிலாக, கட்டடத்துக்குப் பொறுப்பான கட்டடக்கலைஞரோ பொறியாளரோ கையெழுத்திடுகிற 'சிசிசி' வந்துவிட்டது. கட்டடம் வரைபடப்படி கட்டி முடிக்கப்பட்டது, குடியேறலாம் என்பதற்கு அதுதான் ஆதாரம். பழைய கட்டடம் என்றால் பழைய சான்றிதழ் இருக்க வேண்டும். பக்கவாட்டில் நீட்டிப் போட்ட கூரை, நடுவில் போட்ட பலகைத் தளம் இவையெல்லாம் அந்த வரைபடத்தில் இல்லை என்றால் பிரச்சினை உங்கள் தலையில் விழும்.

அப்புறம்தான் ஊராட்சி மன்ற லைசென்ஸ். 1976-ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின் 107-வது பிரிவும், அதன் கீழ் ஒவ்வொரு மன்றமும் போட்டிருக்கிற துணைவிதிகளும் இதற்கு அடிப்படை. தீயணைப்புத் துறையின், அதாவது போம்பாவின், ஆதரவுக் கடிதம் கேட்பார்கள். உணவுத் தொழில் என்பதால் சுகாதாரப் பிரிவு வந்து பார்க்கும். பெயர்ப்பலகைக்குத் தனி அனுமதி. அதில் மலாய் எழுத்து முதன்மையாக இருக்க வேண்டும், வாசகத்தை டேவான் பஹாசா, அதாவது மலாய் மொழிக்கான அரசாங்க அமைப்பு, சரிபார்க்கும். தமிழில் கடைப் பெயர் எழுத ஆசை இருந்தால் தாராளமாக எழுதலாம், மலாயை விடச் சிறிதாக.

107-வது பிரிவில் ஒரு வரி இருக்கிறது. கொடுத்த லைசென்ஸை மன்றம் எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலே, ரத்து செய்யலாம். எனக்கு அந்த வரி பிடிக்காது. வாழ்நாள் சேமிப்பைப் போட்டுத் தொழில் நடத்துகிறவருக்குக் குறைந்தபட்சம் காரணமாவது சொல்ல வேண்டும். நடைமுறையில் முன்கூட்டி நோட்டீஸ் கொடுக்கிற அதிகாரிகள் நிறைய இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நோட்டீஸ் வந்தால் மூலையில் போடாமல் அன்றே பதில் எழுதுங்கள்.

இவ்வளவு கெடுபிடி ஒரு முறுக்குக் கம்பெனிக்கு எதற்கு என்று தோன்றும். 2020 செப்டம்பரை நினைத்துப் பாருங்கள். ரவாங் பக்கம் ஒரு தொழிற்பட்டறையிலிருந்து வெளியேறிய கழிவு சிலாங்கூர் ஆற்றில் கலந்தது. நான்கு நீர் சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் 12 லட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. கோவிட் காலம், அடிக்கடி கை கழுவச் சொன்ன காலம், குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. உங்கள் வீட்டிலும் வாளியோடு லாரிக்குக் காத்திருந்திருப்பீர்கள். அதற்கு முந்தைய வருடம், 2019 மார்ச்சில், ஜொகூர் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் யாரோ இரவில் ரசாயனக் கழிவைக் கொட்டிவிட்டுப் போனார்கள். 5,000-க்கும் மேற்பட்டவர்கள் சிகிச்சைக்குப் போனார்கள், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். 111 பள்ளிகளை மூடினார்கள். சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் அபராத உச்சவரம்பை 2024-ல் 1 கோடி ரிங்கிட் வரை உயர்த்தியதற்குப் பின்னால் இந்தச் சம்பவங்கள் இருக்கின்றன.

எந்த மண்ணில் எந்தத் தொழில் என்று பார்ப்பதற்குக் காரணம் இதுதான். ஒரு தொழிற்சாலை எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் அதன் கழிவு எந்த வாய்க்கால் வழியாக எந்த ஆற்றுக்குப் போகும், கீழே குடிநீர் எடுக்கிறார்களா என்று கணிக்க முடியும். 2009-ஆம் ஆண்டுத் தொழிற்கழிவு நீர் விதிமுறைகளில் 'ஏ' தரம், 'பி' தரம் என்று இரண்டு இருப்பதும் இதனால்தான். குடிநீர் எடுக்கிற இடத்துக்கு மேலே இருப்பவருக்குக் கடுமையான 'ஏ', மற்றவர்களுக்கு 'பி'. பதிவே இல்லாத கொட்டகை எந்தக் கணக்கிலும் வராது. சிலாங்கூர் மாநிலம் அனுமதியில்லாத் தொழிற்சாலைகளைச் சட்டத்துக்குள் கொண்டுவர 'வெள்ளையாக்கும்' திட்டம் ஒன்று நடத்தி வந்திருக்கிறது. நான் அதை ஆதரிக்கிறேன். இடித்துத் தள்ளினால் வேலை போவது உள்ளே நிற்கிற தொழிலாளிக்குத்தான். ஆனால் இப்போது புதிதாகத் தொடங்குகிறவர், 'பிறகு வெள்ளையாக்கிக்கொள்ளலாம்' என்று அதை நம்பி விவசாய நிலத்தில் இறங்கக் கூடாது.

'சட்டமெல்லாம் தாளில்தான், ஒன்றும் மாறாது' என்று சொல்பவர்களிடம் நான் எப்போதும் செம்பனை ஆலைகளின் கதையைச் சொல்வேன். இந்த நாட்டின் உரிம வரலாற்றில் எனக்கு மிகவும் பெருமை தருகிற பகுதி அது. 1970-களில் ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள், ஆலைகள் பெருகின. ஆலையிலிருந்து வெளிவரும் பழுப்புக் கழிவுநீரை அப்படியே ஆற்றில் விட்டார்கள். அந்தக் கழிவு நச்சு இல்லை. ஆனால் தண்ணீரில் இருக்கிற பிராணவாயுவை நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடுவதால் மீன் மூச்சுத் திணறிச் செத்து மிதக்கும். அந்தத் தீனியின் அளவைத்தான் பிஓடி என்று அளக்கிறார்கள். ஆலைக் கழிவில் அது லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருந்தது. தோட்டத்து லயத்தில் வளர்ந்த நம் பெரியவர்களைக் கேட்டால் அந்த ஆற்றின் வாடையைச் சொல்வார்கள்.

1974-ல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977-ல் கச்சா செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கென்று தனி விதிமுறை போட்டார்கள். அதில் இருந்த யோசனை அருமையானது. எல்லா ஆலையையும் மறுநாளே சுத்தமாக்கச் சொல்லவில்லை. மூடவும் சொல்லவில்லை. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய உரிமத்தை வைத்து, அதன் நிபந்தனையை வருடத்துக்கு வருடம் இறுக்கினார்கள். முதல் கட்டத்தில் 1978-ல் பிஓடி வரம்பு 5,000. பிறகு படிப்படியாக இறங்கி, 1984-ல் 100. முதல் வருடத்தில் வரம்பைத் தாண்டினால் உரிமம் போகாது, பணம் போகும். வரம்புக்குள் விடுகிற பிஓடிக்கு டன்னுக்கு 10 ரிங்கிட், மிஞ்சியதற்கு டன்னுக்கு 100 ரிங்கிட். கழிவை விடுவதை விடச் சுத்தம் செய்வது லாபம் என்ற கணக்கை ஆலைக்காரரே போட்டுப் பார்க்க வைத்தார்கள். அடுத்த வருடத்திலிருந்து வரம்பே கட்டாயமானது.

ஆலைகள் குளம் வெட்டின. காற்றுப் புகாத குளத்தில் நுண்ணுயிரை வைத்துக் கழிவைச் செரிக்க வைக்கும் முறையை இங்கேயே ஆராய்ந்து பழகினார்கள். எண்ணெய் உற்பத்தி கூடிக்கொண்டே போனது, ஆற்றுக்குப் போன கழிவுச் சுமையோ இறங்கியது. இன்றும் எல்லா ஆலையும் ஒழுங்காக இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் நிபந்தனையைத் தெளிவாக முன்கூட்டியே சொல்லி, அவகாசம் கொடுத்து, சொன்ன தேதியில் இறுக்கினால் தொழில் சாகாது, ஆறும் சாகாது என்பதை இந்த நாடு செய்து காட்டியிருக்கிறது. உங்கள் பொரித்த எண்ணெய்க்கும் அதே கணக்குதான். வாய்க்காலில் ஊற்றாதீர்கள். பழைய எண்ணெய் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், கொடுத்துவிட்டு ரசீது வைத்துக்கொள்ளுங்கள். கழுவுகிற நீருக்குக் கொழுப்புப் பிடிக்கும் தொட்டி ஒன்றைத் தொடக்கத்திலேயே கட்டுங்கள்.

இனி ஆட்களின் பாதுகாப்பு. 1991 மே 7, சுங்கை பூலோவில் 'பிரைட் ஸ்பார்க்லர்ஸ்' பட்டாசுத் தொழிற்சாலை வெடித்தது. 26 பேர் இறந்தார்கள். நூறு பேருக்கு மேல் காயம், சுற்றியிருந்த வீடுகளும் தப்பவில்லை. அதுவரை இருந்த 1967-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள், இயந்திரங்கள் சட்டம் இயந்திரத்தைப் பார்த்தது; தொழிலின் முழு ஆபத்தையும் பார்க்கவில்லை. அந்த வெடிவிபத்தின் விசாரணைக்குப் பிறகு வந்ததுதான் 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். ஆபத்தை உண்டாக்குகிறவரே அதற்குப் பொறுப்பு என்பது அதன் அடிப்படை. 2024 ஜூன் 1 முதல் 1967 சட்டம் ரத்தாகி, 1994 சட்டம் திருத்தப்பட்டு ஏறக்குறைய எல்லா வேலையிடத்துக்கும் விரிந்துவிட்டது. முதலாளிக்கான அபராத உச்சவரம்பு 50,000 ரிங்கிட்டிலிருந்து 5 லட்சத்துக்கு ஏறியது.

இதில் '12 பேர்தானே' என்று சொல்ல வழியில்லை. ஐந்து பேருக்கு மேல் போனாலே, ஏன், ஐந்து பேர் இருந்தாலே பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக ஒருவரை நியமிக்க வேண்டும். வெளியாள் தேவையில்லை, உங்கள் ஆட்களில் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்தால் போதும். வேலையிட ஆபத்துகளை மதிப்பிட்டு எழுதி வைக்க வேண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாகத் தோன்றி, முதலாளியும் அதைச் சரிசெய்யவில்லை என்றால், வேலையை விட்டு விலகி நிற்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. உங்கள் இடத்தில் ஆபத்து எங்கே என்று உங்களுக்கே தெரியும்: மாவு பிசைகிற இயந்திரத்தில் சேலைத் தலைப்பு, கொதிக்கிற எண்ணெய்க்குப் பக்கத்தில் ஈரத் தரை, மிளகாய்த் தூள் நெடியில் நாள் முழுக்க மூச்சு விடுகிற பெண்கள். இயந்திரத்துக்கு மறைப்பு, அரைக்கும் அறைக்குக் காற்று உறிஞ்சி, சரியான முகக்கவசம் இவை முதல் செலவில் சேரட்டும். நீராவிக் கொதிகலன் வாங்குவதாக இருந்தால் மட்டும் வேலையிடப் பாதுகாப்புத் துறையின் தகுதிச் சான்றிதழும், அதை இயக்கத் தகுதி பெற்ற ஆளும் வேண்டும். தொடக்கத்தில் கொதிகலன் வேண்டாம் என்பது என் கருத்து.

உணவு என்பதால் சுகாதார அமைச்சில் இடத்தைப் பதிவு செய்ய வேண்டும். 2009-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகளின்படி உணவைக் கையாளும் எல்லோருக்கும் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் கட்டாயம். 'மெஸ்தி' என்ற உணவுப் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தயாராவது நல்லது, பெரிய கடைகள் அதைக் கேட்கும். ஹலால் சான்றிதழ் கட்டாயம் இல்லை. ஆனால் சந்தை வேண்டும் என்றால், ஹலால் சான்றிதழ் தருகிற இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிமின் நடைமுறையை முதல் நாளிலிருந்தே மனதில் வைத்து மூலப்பொருள் வாங்குங்கள். வெளிநாட்டு ஆட்களை எடுக்கிற எண்ணம் இருந்தால் தங்குமிடச் சான்றிதழ் என்ற இன்னொரு படி இருக்கிறது. கொட்டகையின் மூலையில் பாய் போட்டுப் படுக்க வைக்கிற வேலை வேண்டாம், அது சட்டப்படியும் தப்பு, மனசாட்சிப்படியும் தப்பு.

எனவே வேலையை இந்த வரிசையில் பாருங்கள். கொட்டகைச் சொந்தக்காரரிடம் பட்டா நகலும் சிசிசி நகலும் கேளுங்கள். பட்டாவில் நில வகை என்று இருக்கிற வரியை நீங்களே படியுங்கள். 'பெர்தானியான்' என்றிருந்தால் விவசாயம். 'பெருசஹான்' அல்லது 'பெரிண்டஸ்ட்ரியான்' என்றிருந்தால் தொழில். நகலை எடுத்துக்கொண்டு ஊராட்சி மன்றத்தின் திட்டமிடல் பிரிவுக்கும் லைசென்ஸ் பிரிவுக்கும் போய், 'இந்த லாட்டில் உணவு பொரிக்கும் தொழிலுக்கு லைசென்ஸ் கிடைக்குமா' என்று மட்டும் கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை. கிடைக்கும் என்றால் வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: நிலத்தின் வகையாலோ கட்டடத்தின் குறையாலோ லைசென்ஸ் மறுக்கப்பட்டால் முன்பணம் முழுவதும் திரும்ப வர வேண்டும். சொந்தக்காரர் அந்த வரிக்கோ பட்டா நகலுக்கோ மறுத்தால், வாடகை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்தக் கொட்டகையை விட்டுவிடுங்கள். வாடகை கொஞ்சம் கூடினாலும் முறையான தொழிற்பேட்டைக்குள் ஒரு சின்ன லாட் பாருங்கள்.